கோயிலுக்கு எடுத்துப்போன தலையணை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் நான் குமாஸ்தா. மே, ஜூன் மாதங்களில் என்னைவிடப் பெரிய ஆள் இந்த ஊரில் கிடையாது. டீக்கடையில் நான் பைக்குள் கைவிடுவதற்குள் வேறு யாராவது கொடுத்துவிடுவார்கள். ஒருவர் ஓடுகிற டவுன் பஸ்ஸிலிருந்து எனக்குக் கும்பிடு போடப்போய், பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு, நல்லவேளை, உள்பக்கமாக விழுந்தார். ஆகஸ்ட் பிறந்தால் அதே ஆட்களுக்கு என் முகம் மறந்துவிடும்.

அந்த இரண்டு மாதப் பெருவாழ்வில் நான் கற்ற ஒரே வித்தை, பெற்றோர் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பது. “பையன் ரொம்ப அமைதி சார்” என்று அப்பா ஆரம்பித்தால், அந்தப் பையன் பள்ளிக்கூடத்து மேசையை உடைத்தவன். “பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல்” என்றால், எல்லாப் பரீட்சைக்கும் காய்ச்சல். அம்மா வாயைத் திறக்கும்போது அப்பா இருமினால், உண்மை அம்மாவிடம் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன். நான் அப்பா, என் மகன்தான் பையன். அவன் வேண்டுமென்றே தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு என் பின்னால் நிற்பான். நான் கையைக் கட்டிக்கொண்டு, “பையன் ரொம்ப அமைதி சார்” என்பேன். உடனே அவன் என் முதுகில் ஒரு குத்து விடுவான். “பாருங்க சார், எவ்வளவு அமைதி” என்பேன். இன்னொரு குத்து. அவன் அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டிருக்கிறாள். அப்போது அவனுக்குப் பத்து வயது இருக்கும்.

இப்போது பதினாறு. இடையில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டினால் எனக்கு ஆகாது. பதினொன்றாம் வகுப்பில் மாத்திரை பழகினான். வலிக்குக் கொடுக்கிற மாத்திரைதான். அவனுக்கு எங்கே வலித்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவனும் சொல்லவில்லை. பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பிறகு அலுத்துப்போய் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வெளியே போக வேண்டும் என்றான். எங்கே போவான் என்று தெரிந்ததால் அவன் அம்மா வாசலை மறித்து நின்றாள். அவன் முதலில் டி.வி.யை இழுத்துப் போட்டான். பிறகு அவளைத் தள்ளினான். அவள் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது.

குடும்பத்தலைவர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். குளியலறையில் இருந்தார். டி.வி. விழுந்த சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்து ஒரே தாவலில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். குழாயையும் திறந்துவிட்டேன். குளித்துக்கொண்டிருந்தேன், சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்திலும் மூளை வேலை செய்திருக்கிறது பாருங்கள். வாளி நிரம்பி என் காலில் வழிந்தது. சட்டை, கைலி, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரத்தோடு குளித்த மனிதன் திருநெல்வேலிச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே வந்தபோது அவன் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து, ஒரு கையால் இன்னொரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “குளிச்சாச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

ராத்திரி அவன் திரும்பி வந்து படுத்துக்கொண்டான். மறுநாள் நான் வீரனாகிவிட்டேன். வீட்டில் கூர்மையாக இருந்த எல்லாவற்றையும் திரட்டினேன். அருவாமணை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், திருப்புளி, நகவெட்டி. ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி எதிர்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நகவெட்டிய வச்சு என்ன தம்பி செய்வான்?” என்றார் அக்கா.

“நீங்க வாங்கி வைங்கக்கா.”

அன்றிலிருந்து என் மனைவி தினமும் காய்த்தட்டை நல்ல கையில் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து போவாள். அக்கா நறுக்கித் தருவார். திரும்பி வரும்போது முந்தானை தட்டை மூடியிருக்கும். யாராவது கேட்டால், “அக்காவுக்குப் பொழுது போகல, நறுக்கித் தாரேங்காவ” என்பாள். வீட்டில் தேங்காய்ச் சட்னி நின்றுபோனது. துருவி அகதியாகப் போய்விட்டதல்லவா.

ஆனால் மூட்டை கட்டும்போதே ஒன்று குறைந்தது. கறுப்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. பரண், அரிசி டிரம், சிலிண்டருக்குப் பின்னால், எங்கே தேடியும் இல்லை. அவன்தான் எடுத்து வைத்திருக்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதன் பிறகு சாப்பிட உட்கார்ந்தால் முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்துத்தான் உட்காருவேன். அவன் பாக்கெட்டுக்குள் கைவிட்டால் எனக்கு இருமல் வரும். “தண்ணி குடிங்கப்பா” என்று செம்பை நீட்டுவான். அந்தச் செம்பை வாங்க நான் எழுந்து நிற்பேன், ஓட வசதியாக.

பாளையில் பார்த்த டாக்டர்தான் அந்த இல்லத்தைப் பற்றிச் சொன்னார். ஏரலுக்குப் போகிற வழியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, இப்படிப்பட்ட பையன்களைத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுக்கும் இடம். “ஆனா எல்லாரையும் எடுக்க மாட்டாங்க. அவங்களா பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க” என்றார்.

எடுக்க மாட்டார்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த குமாஸ்தா எழுந்து உட்கார்ந்துவிட்டான். சீட் வாங்குவது எப்படி என்று எனக்கா தெரியாது? ஒரு கோப்பு தயார் செய்தேன். இரண்டாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்கு வாங்கிய சான்றிதழ். ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசு. எங்கள் வார்டு கவுன்சிலர் கொடுத்த சிபாரிசுக் கடிதம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனை வீட்டுக்கு அனுப்பிய அதே பள்ளிக்கூடத்தின் நன்னடத்தைச் சான்றிதழ். ‘நடத்தை: நன்று’. தடம் மாறிய பையன்களுக்கான இடத்தில் சேர்க்க நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுபோன முதல் தகப்பன் நான்தான். அவனுக்கு முடி வெட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்தேன்.

“எதுக்குப்பா புதுச் சட்டை?”

“திருச்செந்தூருக்குப் போறோம்லா.”

இதுதான் என் திட்டத்தின் மகுடம். பஸ்ஸும் அதே வழிதான், பொய்யும் பாதி உண்மை. மிச்சப் பாதியைக் கட்டைப்பை காட்டிக்கொடுத்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு தலையணை. பஞ்சு கட்டிதட்டி, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அது இல்லாமல் தூங்க மாட்டான். அதையும் நாலு சட்டையையும் பையில் திணித்திருந்தேன். அது பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தது.

“என்ன அண்ணாச்சி, கோயிலுக்கா, ஆஸ்பத்திரிக்கா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“கோயிலுக்கு” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. வழி முழுக்க ஆறு தெரிவதும் மறைவதுமாக வந்தது. தெரிகிறபோதெல்லாம் அவன் அதையே பார்த்தான். நான் பின் சீட்டில் உட்கார்ந்து அவனுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏரலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினோம். அவன் நாலாபக்கமும் வாழையைப் பார்த்தான்.

“திருச்செந்தூர் இம்புட்டுக் கிட்ட வந்துட்டாப்பா?” என்றான். “கடலக் காணோம்.”

அவன் கேலி பேசி நாளாகிவிட்டிருந்தது. எனக்கு ஒரு விநாடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

இல்லத்தின் கேட்டுக்கு ஒரு அம்மாள் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது, நூல் புடவை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. பேச்சில் கடற்கரை வாடை. அங்கிருக்கும் பையன்களுக்கு அவர் டீச்சரம்மா. யாரை எடுப்பது, யாரை அனுப்புவது என்று முடிவு சொல்கிறவர் அவர்தான். நான் கோப்பை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என்னைத் தாண்டி அவனைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, எங்க வந்திருக்கன்னு தெரியுமா?”

“திருச்செந்தூருக்கு.”

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் வாழையைப் பார்த்தேன்.

“அப்பா அப்படித்தான் சொன்னாவ” என்றான் அவன். “ஆனா கோயிலுக்கு யாராவது தலையணை கொண்டு போவாவளா?”

அவர் சிரிக்கவில்லை. “ஐயா, பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்த பிள்ளைய நாங்க உள்ள எடுக்கிறதில்ல. கட்டிப்போட்டுக் கூட்டிட்டு வந்தாலும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான். அங்கன வேப்பமரத்தடியில நின்னு விஷயத்தைச் சொல்லுங்க. அவனா இந்தக் கேட்டைத் தாண்டி நடந்து வந்தான்னா மத்ததப் பேசுவோம். இல்லன்னா அடுத்த பஸ்ல திருச்செந்தூருக்கே கூட்டிட்டுப் போங்க. சாமியும் கும்பிட்ட மாதிரி ஆச்சு.”

வேப்பமரத்தடிக்குப் போனோம். எத்தனையோ கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடுங்கிப் பேசியவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“ஏலே, வந்து... இந்தப் பக்கத்து வாழப்பழம் இருக்குல்லா, அது உடம்புக்கு...”

“சும்மா இருங்க கொஞ்சம்” என்றாள் என் மனைவி. அவன் பக்கம் திரும்பினாள். “அய்யா, உன்ன வீட்ல வச்சுப் பாத்துக்க எனக்குத் தெரியல. ஒங்க அப்பாவுக்கும் தெரியல. இங்கன இருக்கவங்களுக்குத் தெரியும்னு சொல்லுதாவ. இருந்து பாக்கியா?”

அவன் அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

“எம்புட்டு நாளு?”

“தெரியலைய்யா.”

அவன் என்னிடமிருந்து கட்டைப்பையை வாங்கினான். தலையணையை உள்ளே தள்ளி ஒழுங்குசெய்துவிட்டுக் கேட்டைத் தாண்டி நடந்தான். பாதி வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வேறு எப்படியும் இல்லை.

முதலில் என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார்கள். இப்போது டீச்சரம்மா கோப்பை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். மாறுவேடப் போட்டிச் சான்றிதழில் கொஞ்ச நேரம் நின்றார்.

“என்ன வேஷம் போட்டான்?”

“போலீஸ்.”

நன்னடத்தைச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “நடத்தை நன்றுன்னா இங்கன என்ன வேலை அவனுக்கு?” என்றார்.

“பையன் ரொம்ப அமைதிங்க மேடம்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அதன் பிறகு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை உங்கள் வீட்டில் என்ன நடந்தது, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நான் சொன்னேன். சூரியன் உதித்தது, நான் பேப்பர் படித்தேன், அவள் அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கினாள், அவன் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தான், மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். என் பேச்சில் எனக்கே ஆசையாக இருந்தது. அந்த வீட்டில் போய் இருந்துவிட வேண்டும் போல இருந்தது.

அடுத்து என் மனைவி உள்ளே போனாள். அதே கேள்வியைத்தான் அவளிடமும் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கதவு சாத்தியதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு இருமல் வந்துவிட்டது. பலமாகவே இருமினேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

“இருமலுக்குக் குடிக்கச் சொன்னாவ டீச்சரம்மா. தோட்டத்துப் பக்கம் போய் இருமினா நல்லதாம்.”

போனேன். என் ஜன்னலுக்கு முன்னால் இருமிய அப்பாக்கள் எல்லோரும் அந்த வாழைகளுக்கு நடுவே வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள்.

அவனை முதலில் ஒரு டாக்டர் பார்த்தார். மாத்திரை விட்டு உடம்பு நடுங்குகிற நிலையில் வந்தால் முதலில் பெரியாஸ்பத்திரி, அதன் பிறகுதான் இங்கே. அவனுக்கு அந்த அளவுக்கு இல்லை. பிறகு டீச்சரம்மா அவனோடு பேசினார். எங்கள் இரண்டு பேர் பேச்சையும் சேர்த்தால்கூட அவ்வளவு நேரம் வராது. கதவு திறக்கவே இல்லை. நான் வாழைத்தாரில் சீப்புகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். மத்தியானம் அங்கிருந்த பையன்களோடு அவனைச் சாப்பிட உட்காரவைத்தார்கள். எங்களுக்கு வேறு இடத்தில் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் அந்தப் பையன்களிடம் போய் டீச்சரம்மா ஏதோ கேட்டார். புதிதாக ஒருவனை எடுப்பதற்கு முன்னால் இருக்கிறவர்களையும் கேட்பார்களாம். எங்கள் கல்லூரியில் அப்படிக் கேட்டால் ஒருத்தனுக்கும் சீட் கிடைக்காது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த மோரைக் குடித்தாள்.

கடைசியாக மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்தார்.

“ஒரே நாளத்தான் மூணு பேர்கிட்டயும் கேட்டேன்” என்றார் டீச்சரம்மா. “ஐயா சொல்லுதாங்க, அம்மா அடுக்களைல உக்காந்து காய் நறுக்குனாங்கன்னு. அம்மா சொல்லுதாங்க, வீட்ல கத்தியே கிடையாது, எதிர்வீட்ல போய் நறுக்கி வாங்கிட்டு வாரேன்னு. தம்பி, நீ என்கிட்ட சொன்னத நீயே சொல்லுதியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேசாமல் இருந்திருக்க வேண்டியவன் நான். ஆனால் கத்தி என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது.

“ஏலே, அந்தக் கறுப்புப் பிடிக் கத்தி எங்கலே?”

குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, கீச்சென்று வந்தது.

“ஆத்துல” என்றான்.

“எந்த ஆத்துல?”

“நம்ம ஆத்துலதான். பாலத்துல நின்னு போட்டுட்டேன்.”

“எப்பலே?”

“அம்மா கீழ விழுந்த அன்னைக்கு. நீங்க குளிச்சிட்டு இருந்திய.”

அதைக் குத்திக்காட்டுகிற மாதிரி அவன் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் நிஜமாகவே குளித்துக்கொண்டிருந்தேன் என்று நம்பினானோ, அல்லது டீச்சரம்மா முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தானோ, இன்று வரை எனக்குத் தெரியாது.

“அம்மா விழுந்த பொறவும் எனக்குக் கோவம் அடங்கல” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அடுக்களத் திட்டுல அது கெடந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அம்மா என்னைய்யா பாக்கன்னு கேட்டா. அப்பத்தான் எனக்குப் பயமாயிட்டு. எடுத்து இடுப்புல செருகிட்டு ஓடிட்டேன். வீட்ல இருந்தா எடுத்துருவேன்னு தோணிச்சு.”

என் மனைவி கையை நீட்டி அவன் முழங்காலில் வைத்தாள். கட்டுப் போட்ட கைதான் அந்தப் பக்கம் இருந்தது.

“நீங்க அருவாமணையெல்லாம் மூட்ட கட்டி எதிர்வீட்டுக்குக் கொண்டு போனதப் பாத்துக்கிட்டுத்தாம்ப்பா இருந்தேன்” என்றான். “நல்லதாப் போச்சுன்னுதான் நெனச்சேன். நகவெட்டி மட்டும் எதுக்குன்னு தெரியல.”

சுவரோடு முதுகை ஒட்டிவைத்து நான் சாப்பிட்டதெல்லாம் வீண். நான் பயந்துகொண்டிருந்த கத்தி அத்தனை நாளும் தாமிரபரணியின் அடியில் மணலில் கிடந்திருக்கிறது. எனக்கு முன்னாலேயே ஒருவன் பயந்து, எனக்கு முன்னாலேயே ஒளித்துவைத்து, என்னைவிட நன்றாக ஒளித்துவைத்திருக்கிறான். அவன் ஓடிய வழி குளியலறையைத் தாண்டித்தான். கதவைத் தட்டியிருந்தால் நான் திறந்திருப்பேனா? மாட்டேன். அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

“ஐயா பேச்ச மட்டும் கேட்டா, இவனுக்கு இங்கன வேலையே இல்ல, வீட்டுக்குப் போன்னு சொல்லிருப்பேன்” என்றார் டீச்சரம்மா. “அம்மா பேச்ச மட்டும் கேட்டா, கத்தி ஒண்ணு காணாமப் போயிருக்கு, இங்கன இருக்க மத்தப் பிள்ளைகள நெனச்சு, எங்களால முடியாதுன்னு சொல்லிருப்பேன். தன் கையப் பாத்துத் தானே பயந்து ஆத்துல போட்டுட்டு வந்த பிள்ளையோட எங்களால உக்காந்து பேச முடியும். எடுத்துக்கிடுதோம்.”

சீட் கிடைத்துவிட்டது என்று நான் எத்தனையோ அப்பாக்களிடம் சொல்லியிருக்கிறேன். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதவர் உண்டு, லட்டோடு திரும்பி வந்தவர் உண்டு. வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுக்க நினைத்தவனை நான் பார்த்ததில்லை.

“மேடம்” என்றேன். “அப்போ பையன் நல்ல பையன்தானே? ஆத்துல போட்டுட்டாம்லா? அப்போ இங்கன எதுக்கு? நான் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுதேன். ஒரு பஸ் இருக்கும் இப்போ.” எழுந்து கட்டைப்பையையும் எடுத்துவிட்டேன். காலையிலிருந்து அவனை உள்ளே தள்ளப் பாடுபட்ட அதே ஆள்தான்.

டீச்சரம்மா என்னைத் தடுக்கவில்லை. அவனைப் பார்த்தார். “நீ சொல்லு தம்பி. ஒன் சம்மதம் இல்லாம இங்கன ஒண்ணும் இல்ல.”

அவன் எழுந்து வந்து என் கையிலிருந்து பையை மறுபடியும் வாங்கினான்.

“நான் இருக்கேம்ப்பா” என்றான். “அன்னைக்கு ஆத்துக்குப் போயிட்டேன். அடுத்த மட்டம் போவேனான்னு எனக்குத் தெரியாதுல்லா.”

உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் நாற்காலி இல்லை, டீச்சரம்மாவின் மேசை முனை.

வாரம் ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் வந்து மற்றப் பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அங்கே கட்டாயம். வராத வீட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்களாம். “ஐயா, நீங்களும் வரணும்” என்றார். “வந்து, அம்மா அடுக்களைல காய் நறுக்குதாங்கன்னு சொல்லக் கூடாது.” கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். மாறுவேடப் போட்டிச் சான்றிதழை மட்டும், அவன் ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

நாங்கள் கேட்டுக்கு வந்தோம். அவன் வராந்தாத் தூண் பக்கத்தில் நின்றான். வெள்ளைச் சட்டையில் மத்தியானச் சாம்பார் ஒரு சொட்டு. பையிலிருந்து தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கியிருந்தான். நான் கையைத் தூக்கி ஆட்டினேன். திரும்பி ரோட்டில் ஏறியபோது பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. கல்லூரி ஜன்னலில் நிற்கிற அப்பாவின் பணிவான குரல், என் குரல்.

“பையன் ரொம்ப அமைதி சார்!”

என் முதுகு தானாக நிமிர்ந்து குத்துக்குக் காத்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவன் எப்படிக் குத்துவான்? என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிர்வீட்டுக்குப் போனாள். வேட்டி மூட்டையோடு திரும்பி வந்தாள். அக்கா வாசல் வரை கூட வந்தார். அவன் இல்லாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுக்களைத் தரையில் மூட்டையை அவிழ்த்தோம். அருவாமணை, துருவி, திருப்புளி, நகவெட்டி, எல்லாம் அப்படியே இருந்தன. இனி வீட்டில் இருக்கலாம். யாருக்கும் பயமில்லை.

அவளுக்குக் கை முடியாது என்பதால் நான் அருவாமணைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெண்டைக்காய் இருந்தது. வெங்காயமாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். வெண்டைக்காய் நறுக்கிக் கண் கலங்கினேன் என்று எந்த முட்டாளிடம் சொல்ல முடியும்? நாலைந்து நறுக்கியதும், “இந்தா வாரேன்” என்று எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வாளி குழாய்க்கு அடியிலேயே இருந்தது. கை பழக்கத்தில் குழாய்க்குப் போனது.

“குழாயத் தொறக்காண்டாம்” என்றாள் அவள் வெளியே இருந்து. கதவுக்கு வெகு பக்கத்தில் நின்றிருக்கிறாள். “அன்னைக்கும் குழாச் சத்தம் கேட்டுச்சு எனக்கு. வெளிய வந்து அழுங்க. நானும் இங்கனதான இருக்கேன்.”

தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்தேன். அவள் அருவாமணையை ஒரு கையால் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். மிச்ச வெண்டைக்காயையும் நறுக்கினேன்.